உயிரியல் மாணவர் கேள்வி–பதில்: வேர்நுனியில் செல் பிரியவே இல்லையே, ஏன்?

செய்முறைத் தேர்வு நெருங்குவதால் இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஆய்வகத்தைப் பற்றியவை. மேற்படிப்பு, நுழைவுத் தேர்வு பற்றிய சில கேள்விகளையும் சேர்த்திருக்கிறோம்.

வெங்காய வேர்நுனியில் மைட்டாசிஸ் (ஒரு செல் இரண்டாகப் பிரிவது) பார்க்கும் செய்முறை எனக்கு வரவே மாட்டேன் என்கிறது. எல்லாச் செல்லிலும் உருண்டையான உட்கருதான் தெரிகிறது. சில இடங்களில் செல்கள் ஒன்றன்மேல் ஒன்று குவிந்து கறுப்பாக இருக்கின்றன. எங்கே தவறு?
*பி.எஸ்சி. தாவரவியல் முதலாண்டு மாணவி, திண்டுக்கல்*

நீங்கள் சொல்வது இரண்டு தனித்தனிக் கோளாறு. பிரியும் செல்லே கிடைக்காததற்குக் காரணம் வேரை எப்போது, எந்த இடத்தில் வெட்டினீர்கள் என்பது. செல்கள் குவிவதற்குக் காரணம் அமிலத்தில் வைத்த விதமும் நசுக்கிய விதமும்.

வெங்காயத்திலிருந்தே தொடங்குவோம். முளைக்காமல் இருப்பதற்காக மருந்தோ கதிர்வீச்சோ கொடுக்கப்பட்ட பெரிய வெங்காயம் கடையில் கிடைத்தால் அது சரியாக வேர்விடாது. சின்ன வெங்காயம் நம்பகமானது. அடியில் காய்ந்து கிடக்கும் பழைய வேர்களைப் பிளேடால் மெதுவாகச் சுரண்டி எடுங்கள். அடித்தட்டு வெட்டுப்படக் கூடாது. சிறிய கண்ணாடிக் குப்பியின் வாயில் உட்காரவைத்து, அடிப்பகுதி மட்டும் தண்ணீரைத் தொடும்படி ஊற்றுங்கள். முழுக்க மூழ்கினால் அழுகும். தண்ணீரைத் தினமும் மாற்றினால் இரண்டு முதல் நான்கு நாளில் 1 முதல் 2 செ.மீ. நீள வேர்கள் வந்துவிடும். அதற்குமேல் நீள விடாதீர்கள்.

வேரைக் காலையில், எட்டு மணியிலிருந்து பத்து மணிக்குள் வெட்டுங்கள். செல்பிரிதல் நாள் முழுவதும் ஒரே அளவில் நடப்பதில்லை. மதியம் செய்முறை வகுப்பு தொடங்கியபின் பீக்கரிலிருந்து வேரைப் பிடுங்கி உடனே சாயமேற்றுவதுதான் பல கல்லூரிகளில் நடக்கிறது. பாதித் தோல்வி அங்கேயே முடிவாகிவிடுகிறது. காலையில் வெட்டியதை, எத்தனால் மூன்று பங்கும் கிளேசியல் அசிட்டிக் அமிலம் ஒரு பங்கும் அப்போதே கலந்த கரைசலில் 24 மணி நேரம் போட்டுவிடுங்கள். அந்த நொடியில் எந்தச் செல் எந்த நிலையில் இருந்ததோ அப்படியே நின்றுவிடும். பிறகு 70 சதவீத ஆல்கஹாலுக்கு மாற்றிக் குளிர்பெட்டியில் வைத்தால் வாரக்கணக்கில் கெடாது. போன வாரம் கலந்துவைத்த கரைசலைப் பயன்படுத்தாதீர்கள். ஆல்கஹாலும் அமிலமும் ஒன்றோடொன்று வினைபுரிந்து எஸ்டர் ஆகி அதன் வேகம் குறைந்திருக்கும்.

அடுத்தது இடம். வேரின் கடைசி 2 மி.மீ. மட்டுமே உங்களுக்கு வேண்டியது. நுனியில் வேர்மூடி, அதற்குச் சற்று மேலே செல்கள் பிரிந்து பெருகும் ஆக்குத்திசு. ஆக்குத்திசு இருக்கும் பகுதி சாயமேறியதும் மற்ற இடங்களைவிட அடர்த்தியாகத் தெரியும். அதற்கும் மேலே இருப்பது நீட்சிப் பகுதி. அங்கே செல்கள் நீளமான செவ்வகமாக இருக்கும், பிரியாது. நீங்கள் பார்த்தவை நீள செவ்வகச் செல்கள் என்றால் ஸ்லைடில் இருப்பது தவறான பகுதி. கட்டம் கட்டமாக, செல்லின் பெரும்பகுதியை உட்கருவே அடைத்துக்கொண்டிருக்கும் சின்னச் செல்களைத் தேடுங்கள்.

இனி குவிவது பற்றி. செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டினைக் கரைக்கத்தான் அமிலம். 1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை 60 டிகிரி செல்சியஸில் வைத்து வேரை 5 முதல் 8 நிமிடம் போடுங்கள். நேரம் குறைந்தால் செல்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகாது, எவ்வளவு அழுத்தினாலும் கட்டியாகவே நிற்கும். கூடினால் வேர் கூழாகிச் சாயமும் பிடிக்காது. அமிலத்தைத் தண்ணீரில் கழுவிவிட்டு அசிட்டோகார்மைனில் 10 முதல் 15 நிமிடம் வையுங்கள். இரும்பு ஊசியால் கிளறினால் சாயம் அடர்த்தியாகப் பிடிக்கும். இரும்பு அங்கே நிறமூன்றியாக வேலை செய்கிறது. பிறகு நுனியை மட்டும் வெட்டி ஸ்லைடில் வைத்து, மீதி வேரைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். அதையும் சேர்த்து மூடினால் கவர்ஸ்லிப் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். 45 சதவீத அசிட்டிக் அமிலம் ஒரு சொட்டு, மேலே கவர்ஸ்லிப், அதன்மேல் ஒற்றுத்தாள். பென்சிலின் அடிப்பக்கத்தால் முதலில் லேசாகத் தட்டுங்கள், பிறகு கட்டைவிரலால் நேராக அழுத்துங்கள். விரலைத் திருகக் கூடாது, கவர்ஸ்லிப் நகரவே கூடாது. நகர்ந்தால் செல்கள் சுருண்டு பாய்போல ஆகிவிடும்.

முதலில் 10எக்ஸ் லென்ஸில் நல்ல இடத்தைப் பிடித்துவிட்டு 40எக்ஸுக்குப் போங்கள். செல்பிரிதலின் முதல் நிலையான புரோஃபேஸ்தான் அதிகம் தெரியும், ஏனெனில் அதுதான் அதிக நேரம் நீடிக்கும் நிலை. மெட்டாஃபேஸும் அனாஃபேஸும் குறைவாகத்தான் இருக்கும். அவற்றைக் காணோம் என்று நல்ல ஸ்லைடைக் கழுவிவிடாதீர்கள். மைட்டாடிக் குறியீட்டுக்கு (பிரியும் செல்களின் சதவீதம்) குறைந்தது 200 செல்களாவது எண்ண வேண்டும். 300 செல்லில் 24 பிரிந்துகொண்டிருந்தால் 8 சதவீதம்.

மண்ணிலுள்ள பாக்டீரியாக்களை எண்ண வரிசை நீர்த்தல் (படிப்படியாகப் பத்து மடங்கு நீர்க்கச் செய்தல்) செய்தேன். தட்டில் 0.1 மி.லி. பரப்பினேன். 10⁻⁴ தட்டில் 210 காலனி, 10⁻⁵ தட்டில் 86. இரண்டும் 30க்கும் 300க்கும் நடுவில்தானே இருக்கின்றன, எதை எடுத்துக்கொள்வது?
*பி.எஸ்சி. நுண்ணுயிரியல் இரண்டாமாண்டு மாணவர், தஞ்சாவூர்*

இரண்டையும் தனியாகக் கணக்குப் போட்டுப் பாருங்கள். காலனி எண்ணிக்கையை, பரப்பிய அளவும் நீர்த்தலும் பெருக்கிய எண்ணால் வகுக்க வேண்டும். முதல் தட்டில் 210 ÷ (0.1 × 10⁻⁴), அதாவது 2.1 × 10⁷. இரண்டாவதில் 86 ÷ (0.1 × 10⁻⁵), அதாவது 8.6 × 10⁷. ஒரே மண்ணுக்கு நான்கு மடங்கு வித்தியாசம். 210 வந்த இடத்துக்கு அடுத்த தட்டில் ஏறக்குறைய 21 வந்திருக்க வேண்டும். இப்படி முரண்படும் இரண்டின் சராசரியை எடுத்து ரெக்கார்டில் எழுதுவது சரியல்ல. செய்முறையில் எங்கோ தவறு நடந்திருக்கிறது.

முதல் சந்தேகம் பிப்பெட் மீது. எல்லா நீர்த்தலுக்கும் ஒரே பிப்பெட்டைப் பயன்படுத்தினால் முந்தைய குழாயின் பாக்டீரியா உள்சுவரில் ஒட்டி அடுத்ததற்குப் போய்ச் சேரும். மேலே இருக்கும் நீர்த்தல்களில் இது தெரியாது. கடைசி நீர்த்தலில்தான் எண்ணிக்கையை இப்படி ஏற்றிவிடும். ஒவ்வொரு படிக்கும் புதிய பிப்பெட் அல்லது புதிய டிப் அவசியம்.

இரண்டாவது, கலக்குதல். பாக்டீரியா மண்துகளில் கூட்டமாக ஒட்டியிருக்கும். ஒரு கிராம் மண்ணை 9 மி.லி. கிருமிநீக்கிய நீரில் போட்டு, அரைகுறையாகக் குலுக்கி, துகள் அடியில் படிந்தபின் மேல்நீரை எடுத்தால் ஒரு குழாயில் குறைவாகவும் இன்னொன்றில் கூடுதலாகவும் வரும். நன்றாகக் குலுக்கி, துகள் படிவதற்குள் உடனே எடுக்க வேண்டும். ஒவ்வொரு குழாயிலும் இப்படித்தான்.

மூன்றாவது காரணம் 10⁻⁴ தட்டிலேயே இருக்கலாம். மண்ணில் பேசில்லஸ் வகைகள் அதிகம், அவை அகாரில் படர்ந்து வளரும். ஒரு படரும் காலனி பத்துச் சின்னக் காலனிகளை மூடிவிட்டால் 210 என்பதே குறைவான எண்ணிக்கை. அகார் தட்டின் மேல் ஈரம் இருந்தால் படர்வது இன்னும் கூடும். அகாரை ஊற்றும்போது 45 முதல் 50 டிகிரி வரை ஆறவிட்டால் மூடியில் நீர்கோர்ப்பது குறையும். இன்குபேட்டரில் தட்டைக் கவிழ்த்து வைப்பதும் இதற்காகத்தான்.

30 முதல் 300 என்ற வரம்பு ஏன் என்று வைவாவில் கட்டாயம் கேட்பார்கள். முப்பதுக்குக் கீழே தற்செயல் பிழையின் பங்கு பெரிதாகிவிடும். முந்நூறுக்கு மேலே காலனிகள் ஒன்றோடொன்று சேர்ந்தும் உணவுக்குப் போட்டியிட்டும் எண்ணிக்கை குறைந்து தெரியும். ஒவ்வொரு நீர்த்தலுக்கும் இரண்டு தட்டாவது போடுங்கள்.

எதுவும் ஊற்றாத கட்டுப்பாட்டுத் தட்டில் காலனி வந்தால் ஆட்டோகிளேவை (நீராவி அழுத்தத்தால் கிருமிநீக்கும் கருவி) பாருங்கள். 15 பவுண்டு அழுத்தம், 121 டிகிரி, 15 நிமிடம் என்று எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் உள்ளே இருக்கும் காற்றை முழுதாக வெளியேற்றாமல் வால்வை மூடினால் அழுத்தமானி 15 காட்டும், வெப்பநிலையோ 121ஐ எட்டியிருக்காது. நீராவி தடையில்லாமல் சீராகப் பீய்ச்சி வரும்வரை காத்திருந்து மூட வேண்டும்.

தவளையை அறுத்துப் பார்க்காமல் விலங்கியல் பட்டம் வாங்குவது முறையா? எங்கள் காலத்தில் அதுதான் முக்கியச் செய்முறை.
*ஓய்வுபெற்ற ஆசிரியர், புதுக்கோட்டை*

2014இல் பல்கலைக்கழக மானியக் குழு விலங்கியல், உயிர் அறிவியல் பாடங்களில் விலங்குகளை அறுத்துப் பார்க்கும் செய்முறைகளை நிறுத்தச் சொல்லிவிட்டது. மாதிரிகள், படங்கள், கணினி வழிப் பயிற்சி இவற்றைக்கொண்டு உள்ளுறுப்பு அமைப்பைக் கற்பிக்கிறார்கள். இதனால் மாணவர்களின் கைத்திறன் குறையும் என்ற கவலையில் நியாயம் உண்டு. ஆனால் ஆண்டுதோறும் ஒவ்வொரு கல்லூரிக்கும் தவளைகளை வயலிலிருந்து பிடித்துவந்ததால் ஏற்பட்ட இழப்பு அதைவிடப் பெரிது. கைப்பயிற்சிக்கு ஸ்லைடு தயாரிப்பு, சாயமேற்றல், குரோமோசோம் வேலை என்று வேறு வழிகள் இருக்கின்றன.

தயிர் பாக்டீரியாவுக்குக் கிராம் சாயம் (கிராம் பாசிட்டிவை ஊதாவாகவும் நெகட்டிவை இளஞ்சிவப்பாகவும் காட்டுவது) போட்டோம். புத்தகத்தில் ஊதா என்று இருக்கிறது, எங்களுக்கு எல்லாமே இளஞ்சிவப்பு. மேடம் "மறுபடி செய்" என்று மட்டும் சொல்கிறார்.
*பி.எஸ்சி. உயிர்த்தொழில்நுட்பவியல் மாணவிகள், நாமக்கல்*

முதலில், நீங்கள் பார்ப்பது பாக்டீரியாதானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். தயிரை நேராக ஸ்லைடில் தடவினால் பால் புரதம் கடைசியில் போடும் சிவப்புச் சாயமான சாஃப்ரனினைத் திட்டுத்திட்டாக உறிஞ்சிக்கொண்டு இளஞ்சிவப்பாக நிற்கும். தயிரின்மேல் தெளிந்திருக்கும் நீரை லூப்பில் ஒரு சொட்டு எடுத்து, ஒரு சொட்டுத் தண்ணீரில் கலந்து மெல்லிதாகப் பரப்புங்கள். காய்ந்தபின் அச்சிட்ட எழுத்து அதன் வழியாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அது தடித்த பூச்சு.

தயிரின் வயதும் முக்கியம். மூன்று நாள் தயிரில் பல செல்கள் செத்து, செல்சுவர் பழுதாகி ஊதாவைப் பிடித்துவைக்க முடியாத நிலையில் இருக்கும். காலையில் உறைந்த தயிரையே எடுங்கள். காற்றில் காய்ந்த பூச்சைச் சுடரின்மேல் இரண்டு மூன்று முறை கடத்தினால் போதும். ஸ்லைடின் அடியைப் புறங்கையில் வைத்தால் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், சுடக் கூடாது. சுட்டால் செல்சுவர் கெட்டுவிடும்.

கிரிஸ்டல் வயலட் 1 நிமிடம், கழுவுதல், அயோடின் 1 நிமிடம், கழுவுதல். அடுத்து வரும் ஆல்கஹாலில்தான் பெரும்பாலோர் தடுமாறுவது. ஸ்லைடைச் சாய்த்துப் பிடித்து 95 சதவீத ஆல்கஹாலைச் சொட்டுச்சொட்டாக விடுங்கள். வழியும் நீர் நிறமற்றதாக மாறிய உடனே தண்ணீரில் கழுவுங்கள். மெல்லிய பூச்சுக்கு 10 முதல் 15 விநாடிக்குமேல் ஆகாது. ஸ்லைடை ஆல்கஹாலில் போட்டுவிட்டு ரெக்கார்டு எழுதப்போனால் கிராம் பாசிட்டிவும் நெகட்டிவாகத்தான் தெரியும். கடைசியாகச் சாஃப்ரனின் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம்.

நடுவில் தயிர், ஒரு பக்கம் ஆய்வகத்தில் புதிதாக வளர்த்த பேசில்லஸ், மறுபக்கம் ஈ. கோலை என ஒரே ஸ்லைடில் மூன்று பூச்சு போட்டுச் செய்யுங்கள். பேசில்லஸ் ஊதாவாகவும் ஈ. கோலை இளஞ்சிவப்பாகவும் வந்தால்தான் நடுவில் இருப்பதை நம்பலாம். பேசில்லஸும் இளஞ்சிவப்பானால் ஆல்கஹால் கூடிவிட்டது அல்லது வளர்ப்பு பழையது. பாக்டீரியாவைவிடப் பல மடங்கு பெரிதாக முட்டை வடிவில் ஊதாவாகத் தெரிந்தால் அது ஈஸ்ட். வீட்டுத் தயிரில் அது இருப்பது இயல்பு.

95 சதவீத ஆல்கஹாலிலிருந்து 70 சதவீதம் தயாரிப்பது எப்படி? ஒவ்வொருவரும் ஒவ்வொரு கணக்குச் சொல்கிறார்கள்.
*ஆய்வக உதவியாளர், விருதுநகர்*

95 சதவீத ஆல்கஹால் 70 மி.லி. எடுத்து, மொத்தம் 95 மி.லி. வரும்வரை காய்ச்சி வடித்த நீர் ஊற்றுங்கள். அவ்வளவுதான். 30 மி.லி. நீர் ஊற்றி 100 மி.லி. ஆக்கினால் 66.5 சதவீதம்தான் கிடைக்கும். மேசை துடைக்க 95ஐவிட 70 நல்லது: நீர் கலந்திருந்தால்தான் ஆல்கஹால் செல்லுக்குள் ஊடுருவிப் புரதத்தைச் சிதைக்கும், உடனே ஆவியாகிப் போகவும் செய்யாது.

மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். பயோடெக்னாலஜி சேர்ப்பதா, விலங்கியலா? பயோடெக்னாலஜிக்குத்தான் எதிர்காலம் என்று எல்லோரும் சொல்கிறார்கள்.
*ஒரு தந்தை, கடலூர்*

மகள் பட்டத்தை வைத்து என்ன செய்ய விரும்புகிறாள் என்பதைப் பொறுத்தது ஐயா. ஆய்வுக்கூட வேலை, மருந்து அல்லது தடுப்பூசி நிறுவனம், முதுநிலை ஆராய்ச்சி என்றால் பயோடெக்னாலஜி, நுண்ணுயிரியல், உயிர்வேதியியல், விலங்கியல் எல்லாமே வழி விடும். மேற்படிப்பு நுழைவுத் தேர்வுகளுக்கும் பெரும்பாலும் எந்த உயிரியல் பட்டமும் ஏற்கப்படும்.

அரசுப் பணி கணக்கில் இருந்தால் நிலைமை வேறு. அங்கே பட்டச் சான்றிதழில் அச்சாகியிருக்கும் பாடத்தின் பெயரைத்தான் பார்ப்பார்கள். இந்திய வனப் பணித் தேர்வுக்குத் தகுதியான பாடங்களில் தாவரவியல், விலங்கியல், வேதியியல், புள்ளியியல் போன்றவை பெயரோடு இருக்கின்றன. பயோடெக்னாலஜி அந்தப் பட்டியலில் இல்லை. பள்ளி ஆசிரியர் பணியிலும் தாவரவியல், விலங்கியல் பட்டம் நேரடியாகப் பொருந்தும். புதிய பெயர் கொண்ட பட்டங்களுக்கு அது இதற்கு இணையானது என்று அரசாணை இருக்க வேண்டும். அந்த ஆணையைப் படித்துப் பார்த்துவிட்டுச் சேருங்கள், கல்லூரி அலுவலகத்தின் வாய்வார்த்தை போதாது.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்க ஒரு வழி. சேர்க்கைக்கு முன்பு ஆய்வகத்தைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். ஒரு நுண்ணோக்கிக்கு எத்தனை மாணவர், லேமினார் ஃப்ளோ அறை (வடிகட்டிய காற்றில் கிருமி புகாமல் வேலை செய்யும் இடம்) ஓடுகிறதா, ஆட்டோகிளேவ் கடைசியாக எப்போது பயன்பட்டது என்று விசாரியுங்கள். பூட்டிய கண்ணாடி அலமாரிக்குள் தூசிபடிந்து நிற்கும் கருவியால் உங்கள் மகளுக்கு ஒரு பயனும் இல்லை. குறைந்த கட்டணத்தில் நடக்கும் அரசுக் கலைக் கல்லூரிகளில் ஆழ்ந்த அனுபவமுள்ள பேராசிரியர்கள் இருப்பதை நாங்கள் பலமுறை எழுதியிருக்கிறோம். துணைப்பாடத்தில் தேர்வு இருந்தால் வேதியியலை எடுக்கச் சொல்லுங்கள். பின்னால் எங்கே போனாலும் அது கைகொடுக்கும்.

கை-ஸ்கொயர் (கிடைத்த எண்ணிக்கை எதிர்பார்ப்போடு பொருந்துகிறதா என்று பார்க்கும் சோதனை) கணக்கில் சந்தேகம். 400 விதையில் மஞ்சள் 272, பச்சை 128. நான் 68 : 32 என்று சதவீதமாக்கிச் செய்தேன், 2.61 வந்தது, 3 : 1 விகிதம் பொருந்துகிறது என்று எழுதினேன். ஐயா தவறு என்று அடித்துவிட்டார். கணக்கில் பிழை இல்லையே?
*பி.எஸ்சி. விலங்கியல் மாணவர், கரூர்*

கூட்டல் கழித்தலில் பிழை இல்லை. சதவீதமாக மாற்றியதுதான் பிழை. கை-ஸ்கொயர் சோதனைக்கு உண்மையான எண்ணிக்கையைத்தான் கொடுக்க வேண்டும்.

400 விதைக்கு எதிர்பார்ப்பு 300, 100. இரண்டிலும் வித்தியாசம் 28. அதன் வர்க்கம் 784. 784 ÷ 300 = 2.61, 784 ÷ 100 = 7.84, கூட்டினால் 10.45. சுதந்திரப் பாகை (வகைகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைவு) 1; அதற்கு 5 சதவீத அளவில் எல்லை 3.84. அதைத் தாண்டிவிட்டதால் 3 : 1 என்ற கருதுகோளை ஏற்க முடியாது. சதவீதமாக்கியபோது நீங்கள் 400 விதையை 100 விதை ஆக்கிவிட்டீர்கள். 100 விதையில் 68க்கு 32 என்பது தற்செயலாகவே வரக்கூடியது. 400 விதையிலும் அதே சாய்வு நீடித்தால் அதைத் தற்செயல் என்று ஒதுக்க முடியாது.

மெண்டலின் பட்டாணியில் மஞ்சள் 6022, பச்சை 2001. அதற்குக் கை-ஸ்கொயர் போட்டால் 0.015தான் வரும். ஒருமுறை நீங்களே செய்து பாருங்கள், எதிர்பார்ப்பைத் தசமத்தோடு வைத்துக்கொள்ள வேண்டும் என்பதும் பழகிவிடும்.

ஹெர்பேரியத்துக்கு (உலர்த்திய செடிகளின் தொகுப்பு) அழுத்திவைத்த செடிகள் கறுத்து, பூஞ்சையும் பிடிக்கின்றன. 25 தாள் கொடுக்க வேண்டும்.
*எம்.எஸ்சி. தாவரவியல் மாணவி, தென்காசி*

ஈரம் வெளியேறும் வேகம் போதவில்லை. அழுத்திய முதல் நாளே சில மணி நேரத்தில் தாளை மாற்றுங்கள், பிறகு ஒரு வாரத்துக்குத் தினமும். இரண்டு செடிக்கு ஒருமுறை நெளி அட்டை ஒன்றை இடையில் வைத்தால் காற்று போகும். எல்லாச் செய்தித்தாளையும் கட்டி மேலே அம்மிக்கல்லை வைத்துவிட்டு ஒரு வாரம் கழித்துப் பிரிப்பதால்தான் கறுக்கிறது. கள்ளி, சதைப்பற்றுள்ள செடிகளின் தண்டையும் இலையையும் கொதிநீரில் சில விநாடி முக்கி எடுத்து அழுத்துங்கள்; செல் செத்தால்தான் நீர் விடும். பூவை முக்காதீர்கள்.

பூவோ காயோ இல்லாத கிளையைச் சேகரிப்பதில் பயனில்லை, குடும்பத்தைக்கூட உறுதியாகச் சொல்ல முடியாமல் போகும். ஒரு இலையையாவது திருப்பி, அடிப்பக்கம் தெரியும்படி வையுங்கள். பூவின் நிறம், மணம், பால் வடிகிறதா, செடியின் உயரம் ஆகியவற்றைச் சேகரித்த இடத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். காய்ந்தபின் இவற்றில் ஒன்றும் மிஞ்சாது. தாள் 42 × 29 செ.மீ. பூச்சி வராமலிருக்க அந்நாளில் மெர்க்குரிக் குளோரைடில் முக்குவார்கள். அது கொடிய நஞ்சு, கையே வைக்காதீர்கள். காய்ந்த தாள்களைப் பாலித்தீன் பையில் கட்டி ஆழ்குளிர்ப் பெட்டியில் சில நாள் வைத்து எடுத்தால் போதும்.

உங்கள் ஊர்ப்பக்கம் என்றால் மலைக்குப் போகத் தோன்றும். காப்புக்காட்டில் வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு இலைகூடப் பறிக்கக் கூடாது. குளக்கரை, வயல் வரப்பு, ரயில் பாதையோரம் இவற்றிலேயே 25 தாளுக்குமேல் கிடைக்கும். பெயரிடக் கேம்பிளின் சென்னை மாகாணத் தாவரத் தொகுதியை (1915–1936) பயன்படுத்தலாம், ஆனால் பல பெயர்கள் பின்னால் மாறிவிட்டதால் இன்றைய பெயரைச் சரிபார்க்க வேண்டும். சந்தேகமானதைக் கோவையிலுள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வுத்துறையின் மெட்ராஸ் ஹெர்பேரியத்திலோ, திருச்சி புனித வளனார் கல்லூரியின் ராபினட் ஹெர்பேரியத்திலோ முன்கூட்டி எழுதி அனுமதி பெற்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஜெல்லில் டிஎன்ஏ பட்டையே தெரியவில்லை.
*எம்.எஸ்சி. மாணவர், சேலம்*

லேடர் (அளவு தெரிந்த டிஎன்ஏ துண்டுகளின் கலவை) தெரிந்ததா? தெரிந்தால் ஜெல் சரி, உங்கள் டிஎன்ஏதான் வரவில்லை. லேடரும் தெரியவில்லை என்றால் சாயம் விட்டுப்போயிருக்கும், அல்லது அகரோஸைப் பஃபருக்குப் பதிலாகத் தண்ணீரில் உருக்கியிருப்பீர்கள், அல்லது மின்முனை மாறியிருக்கும். டிஎன்ஏ எதிர்மின் சுமை கொண்டது, சிவப்பு முனையை நோக்கி ஓடும். எனவே குழிகள் கறுப்பு முனைப் பக்கம் இருக்க வேண்டும். மின்முனைகளுக்கு இடையே செ.மீ.க்கு 5 வோல்ட் போதும். அவசரப்பட்டு ஏற்றினால் ஜெல் சூடாகிப் பட்டை வளையும். பட்டைக்குப் பதில் நீளமாக இழுத்த புகைபோல வந்தால் டிஎன்ஏ சிதைந்திருக்கிறது அல்லது அளவு கூடிவிட்டது. எத்திடியம் புரோமைடு இருந்தால் நைட்ரைல் கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

பிளஸ் டூ வரை தமிழ்வழி. கல்லூரியில் எல்லாம் ஆங்கிலம். வகுப்பில் புரிவதுபோல இருக்கிறது, தேர்வில் எழுத வரவில்லை. விட்டுவிடலாமா என்று இருக்கிறது.
*முதலாண்டு மாணவி, தருமபுரி*

விடாதீர்கள். உங்களுக்குப் பாடம் தெரியும். அதை ஆங்கில வாக்கியமாக்கும் பழக்கம்தான் இன்னும் வரவில்லை. அது ஒரு ஆண்டு வேலை.

தமிழ்நாடு அரசின் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு உயிரித் தாவரவியல், உயிரி விலங்கியல் நூல்கள் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பாடமும் படங்களும் ஒன்றே. நீங்கள் ஏற்கெனவே தமிழில் படித்த அதே பாடத்தின் ஆங்கிலப் பிரதியைப் பக்கத்தில் வைத்துத் தினமும் இரண்டு பக்கம் படியுங்கள். பொருள் முன்பே தெரிந்திருப்பதால் அகராதி அதிகம் தேவைப்படாது. முதலாண்டுப் பாடத்தில் பாதி அதன் நீட்சிதான்.

எழுதும்போது படத்திலிருந்து தொடங்குங்கள். நெஃப்ரான் என்றால் முதலில் படம் வரைந்து பாகங்களைக் குறித்துவிட்டு, ஒவ்வொரு பாகத்துக்கும் "இது எங்கே இருக்கிறது, என்ன செய்கிறது" என்று இரண்டு சின்ன வாக்கியம். பத்துப் பாகத்துக்கு இருபது வாக்கியம் ஆகிவிட்டது, பத்து மதிப்பெண் விடைக்கு அது தாராளம். நீண்ட வாக்கியம் எழுத முயலவே வேண்டாம். படம் இல்லாத விடையை உயிரியலில் எழுதாதீர்கள்.

இறுதியாண்டு படிக்கிறேன். ஐஐடி, மத்தியப் பல்கலைக்கழகங்களில் எம்.எஸ்சி. சேர எப்படித் தயாராவது?
*பி.எஸ்சி. உயிர்வேதியியல் மாணவர், நாகர்கோவில்*

ஐஐடிகளுக்கு ஜாம் தேர்வு. பயோடெக்னாலஜி தாளில் 60 கேள்வி, 100 மதிப்பெண், மூன்று மணி நேரம். உயிரியலோடு பிளஸ் டூ அளவிலான வேதியியல், இயற்பியல், கணிதமும் உண்டு. நம் மாணவர்கள் கோட்டை விடுவது இந்தப் பகுதியில். பிளஸ் டூவில் கணிதம் எடுக்காதவர் மடக்கை, நிகழ்தகவு, எளிய வகைநுண்கணிதம் இவற்றை இப்போதே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு விடை மட்டும் சரியான கேள்விகளுக்குத்தான் தவறினால் மதிப்பெண் குறையும். ஒன்றுக்கு மேற்பட்ட விடை உள்ள கேள்விகளிலும் எண்ணை நேரடியாக எழுதும் கேள்விகளிலும் குறைப்பு இல்லை. எனவே அவற்றில் ஒன்றையும் காலியாக விடக் கூடாது.

மத்தியப் பல்கலைக்கழகங்களுக்குக் கியூட் முதுநிலைத் தேர்வு. மத்திய அரசின் உயிர்த்தொழில்நுட்பத் துறை உதவியோடு நடக்கும் முதுநிலைப் படிப்புகளுக்குக் காட்-பி என்று தனித் தேர்வு. அந்த இடங்களில் சேர்ந்தால் மாத உதவித்தொகை உண்டு.

பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் அகாடமி மற்ற இரண்டு தேசிய அகாடமிகளோடு சேர்ந்து கோடை ஆராய்ச்சி உதவித்தொகை தருகிறது. உங்கள் கல்லூரி இளையவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியின் ஆய்வகத்தில் வேலை. விண்ணப்பத்தில் என்ன செய்ய விரும்புகிறீர்கள் என்று சுருக்கமாக எழுத வேண்டும். "அறிவியலில் ஆர்வம் அதிகம்" என்று எழுதினால் தேறாது. நீங்கள் செய்த ஒரு செய்முறை, அதில் வராமல்போனது, அதைத் தெரிந்துகொள்ள எந்த முறை வேண்டும் என்று எழுதுங்கள்.

எங்கள் துறை நுண்ணோக்கியில் எதைப் பார்த்தாலும் பனிபோல மங்கலாக இருக்கிறது. துடைத்தும் போகவில்லை.
*முதலாண்டு மாணவர்கள், மயிலாடுதுறை*

மங்கல் எந்த லென்ஸில் என்று முதலில் கண்டுபிடியுங்கள். கண்லென்ஸைச் சுழற்றும்போது அழுக்கும் சேர்ந்து சுழன்றால் அது கண்லென்ஸில். ஸ்லைடை நகர்த்தும்போது நகர்ந்தால் ஸ்லைடில். 40எக்ஸுக்கு மாற்றும்போது மட்டும் மங்கினால் பெரும்பாலும் அதன் முனையில் காய்ந்த இம்மெர்ஷன் எண்ணெய்தான்; 100எக்ஸில் பார்த்த யாரோ எண்ணெய் ஸ்லைடோடு 40எக்ஸைத் திருப்பியிருப்பார்கள். லென்ஸ் தாளில் துப்புரவுத் திரவம் ஒரு சொட்டு விட்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஒருமுறை துடைத்து அந்தத் தாளைப் போட்டுவிடுங்கள். கைக்குட்டையும் சட்டை நுனியும் லென்ஸில் கீறல் போடும்.

துடைத்தும் போகாமல் சிலந்திவலை மாதிரி நூல் தெரிந்தால் லென்ஸுக்குள் பூஞ்சை வளர்ந்திருக்கிறது. கடலோர மாவட்டங்களின் மழைக்காலத்தில் இது சகஜம். அதைப் பிரிக்க முயலாதீர்கள், பழுதுபார்ப்பவரிடம் கொடுக்கச் சொல்லித் துறைத்தலைவரிடம் எழுத்தில் கேளுங்கள். மற்ற நுண்ணோக்கிகளையாவது காப்பாற்ற, பெட்டிக்குள் நீல சிலிக்கா ஜெல் ஒரு சிறு துணிப்பையில் கட்டி வையுங்கள். அது இளஞ்சிவப்பானதும் ஆய்வக ஹாட் ஏர் அவனில் சூடாக்கினால் மறுபடி நீலமாகும். ஆறியதும் பெட்டிக்குள் திரும்ப வைத்துவிடலாம்.